குன்றுப்படை ஏன் இறங்கவில்லை

கொன்றைநாட்டில் ஒரு திருநாள் உண்டு. அன்றைக்குச் சாமி புறப்பாடு கிடையாது, தேர் கிடையாது. அரண்மனைக் கூடத்தில் மணல் மேடை போட்டு, விரல் உயர மரப்பொம்மைகளை அதன்மேல் அணிவகுத்து நிறுத்தி, தங்கள் பழைய சண்டையை மறுபடியும் போட்டுப் பார்ப்பார்கள். மற்ற நாட்டார் வீட்டுச் சண்டையை வெளியே தெரியாமல் மூடி வைப்பார்கள். இவர்களோ பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார்ந்து, பொரிகடலை தின்றுகொண்டே பார்ப்பார்கள்.

சண்டை மூன்று தலைமுறைக்கு முந்தையது. அரசர் இறந்ததும் பெரிய மகன் பக்கம் பாதி, சின்ன மகன் பக்கம் பாதி என்று நாடு இரண்டாகப் பிளந்தது. ஏரிக்கரைப் பொட்டலில் இரண்டு படைகளும் மோதின. பெரியவர் ஜெயித்தார். சின்னவர் தோற்று வடக்கே போய்விட்டார். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பகலைப் பற்றி அந்த ஊரில் இன்னும் பேசித் தீரவில்லை.

பொம்மைச் சண்டைக்கு விதிகள் உண்டு. காலாளுக்கு ஒரு சாண், குதிரைக்கு இரண்டு சாண். யானைக்குத் தாயக்கட்டை சொன்ன அளவு, தாயக்கட்டை சொன்ன திசை. எதிரெதிரே வந்து நின்றவர்களுக்காகக் கட்டையை உருட்டுவார்கள். குறைந்த எண் விழுந்தவன் செத்தான். அவனை எடுத்து மேடைக்குக் கீழே இருக்கும் கூடையில் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். ஏரிக்குப் பதிலாக ஒரு பெரிய தாம்பாளம் நிறையத் தண்ணீர். பெரியவர் ஆட்களுக்கு வெள்ளைத் தலைப்பாகை, சின்னவர் ஆட்களுக்குச் சிவப்பு. முடிவு இன்னதுதான் என்று கட்டாயம் இல்லை. சில வருஷம் தோற்றவர் ஜெயித்துவிடுவதும் உண்டு, அன்றைக்குக் கூடத்தில் கூச்சல் காதைப் பிளக்கும்.

ஒன்று மட்டும் மாறாது. மேடையின் தெற்கு மூலையில் மணலைக் குவித்து ஒரு குன்று செய்வார்கள். அதன்மேல் சின்னவரின் படையில் ஒரு பங்கு நிற்கும். அது அசையக் கூடாது, ஏனென்றால் நிஜச் சண்டையிலும் அது அசையவில்லை. கீழேயிருந்து சின்னவர் சங்கு ஊதி ஊதிக் கூப்பிட்டும் குன்றுப்படையின் தலைவன் தழும்பன் இறங்கி வரவில்லை. அதனால் தழும்பனின் பொம்மையை மட்டும் சண்டைக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பார்கள். அப்படித் திருப்பி வைக்க வேண்டியவர் தழும்பனின் வாரிசு. தன் கையாலேயே வைக்க வேண்டும் என்பது வழக்கம்.

வைக்கும்போது பிள்ளைகள் பாடும்:

"குன்று மேல தழும்பன்
குந்திக்கிட்டு இருந்தான்.
கீழ நாடு போச்சு,
கூழு குடிச்சிருந்தான்."

தோற்றவன் பேரன் திட்டிவிட்டுச் சிரிப்பான், ஜெயித்தவன் பேரன் சும்மாவே சிரிப்பான். அந்த ஒரு பொம்மையின் விஷயத்தில் மட்டும் பிளந்த நாடு ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

தழும்பனின் பேரன் பெயர் அந்துவன். படைப்பள்ளியில் வியூகம் கற்றுக்கொடுத்தவர். நாட்டின் தளபதிகளில் பாதிப் பேர் அவரிடம் காது திருகு வாங்கியவர்கள். அறுபது வயதானதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஏரித் தண்ணீர் வழியும் கலிங்குக்குப் பக்கத்தில் இருந்த உமையம்மையின் மடத்துக்கு வந்து சீடராகச் சேர்ந்தார். அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆலமரத்தடியில் இளைய குருவைச் சுற்றி நரைத்த சீடர்கள் உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே காட்சிதான். என்ன, இங்கே ஆலமரத்துக்குப் பதில் ஒரு முருங்கை.

அந்துவன் வீட்டைத் துறந்தார். பதவியைத் துறந்தார். நாற்பது வருஷப் பழக்கமான வெற்றிலையைக்கூடத் துறந்தார். தலைமாட்டில் இருந்த பெட்டியை மட்டும் துறக்கவில்லை. அதற்குள் இரண்டு படைகளும் வைக்கோலில் படுத்துக் கிடந்தன. மற்றவர்கள் தியானம் என்று கண்ணை மூடும் நேரத்தில் இவர் கொல்லைப்புறத்து மணலில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். மடத்தில் எல்லாருக்கும் அது தெரியும். தெரியாது என்று அந்துவன் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்.

திருநாள் நெருங்கிவந்த ஒரு காலையில் அவர் அம்மையின் முன்னால் வந்து நின்றார். அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"தாயே, ஒரு கேள்வி."

"கேளுங்க, வாத்தியாரே."

"எங்க தாத்தா ஏன் இறங்கல?"

அம்மை கீரையை நிறுத்தவில்லை. "நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நெனைக்காதது எதுவும் பாக்கி இல்ல தாயே." அந்துவன் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்ததும் முகத்தில் பத்து வயது குறைந்தது. "மொதல்ல, வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்னு பார்த்தேன். அவர் வடக்கே பார்த்து நின்னார், வெயில் கண்ணுல படாது. சரி, புழுதியில கீழ ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு பார்த்தேன். முந்தின நாள் நல்ல மழையாம், புழுதி ஏது? வழி செங்குத்தா இருக்குமோன்னு நானே போய் குன்று மேல ஏறினேன். மாட்டு வண்டி இறங்குது தாயே. வைக்கோல் பாரத்தோட இறங்குது."

"சங்குச் சத்தம் கேட்டிருக்காதோ?"

"அந்தச் சங்கு இப்பவும் அரண்மனையில இருக்கு. என் பொண்ணு செம்பியைக் குன்று மேல நிறுத்திட்டு, கீழேருந்து நானே ஊதினேன். 'ஏன்ப்பா இந்த ஊது ஊதுறீங்க'ன்னு காதைப் பொத்திக்கிட்டு இறங்கி வந்தா."

அம்மை சிரித்துவிட்டார். "காசு கீசு வாங்கியிருப்பாரோ?"

"வாங்கியிருந்தா எங்க வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டிருப்பாங்களே. இன்னிக்கு வரைக்கும் ஒழுகுது."

"சரி. இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அந்துவன் கீரைக்காம்பு ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாக ஒடித்தார்.

"அதுதான் தாயே வயித்தெரிச்சல். இறங்கினா ஜெயிச்சிடறார். நான் எப்படி ஆடினாலும் ஜெயிச்சிடறார். கட்டையில கேவலமான எண்ணா விழுந்தாலும் ஜெயிச்சிடறார்."

பிறகு விஷயம் முழுவதும் வெளியே வந்தது. புதிதாகப் பட்டத்துக்கு வந்த அரசர் அந்துவனிடம் படித்தவர். வாத்தியார் வருஷா வருஷம் கூனிக்குறுகி அந்தப் பொம்மையை வைப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வழக்கத்தைச் சும்மா மாற்றினால் சபை ஒப்பாது. அதனால் ஆள் அனுப்பிச் சொன்னார்: இந்த ஒரு திருநாளில் குன்றுப்படை அசையலாம். குன்றுப்படை இறங்கினாலும் சின்னவர் தோற்றிருப்பார் என்று அந்துவன் சபைக்கு முன்னால் ஆடிக் காட்டட்டும். காட்டினால் தழும்பன்மேல் குற்றம் இல்லை என்று ஆகும். பொம்மையை முன்பக்கம் திருப்பி வைத்துவிடலாம், பாட்டையும் நிறுத்திவிடலாம்.

"காட்ட முடியலையே தாயே. எங்க தாத்தாவுக்கு எதிரா நானே சாட்சி சொல்ற மாதிரி இருக்கு. நான் வெச்சுப் பழகிட்டேன். எனக்கப்புறம் செம்பி வைக்கணும். அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே அவ வைக்கணும். அதை நெனைச்சாத்தான் சோறு இறங்கல."

மடைப்பள்ளி வாசலில் சாத்தப்பன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மடத்தின் சமையல்காரன். அடுத்தவர் பேச்சில் கரண்டி விடாமல் அவனால் இருக்க முடியாது.

"ஐயா, எதிர்ப்பக்கம் நான் ஆடுறேன். கட்டையை உருட்டறதுல ஒரு கை வாகு இருக்கு. நமக்கு வேணுங்கிறது விழும். நீங்க தோத்திடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடா" என்றார் அந்துவன்.

சாத்தப்பன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான். அம்மை அவனை நிறுத்தினார்.

"சாத்தப்பா, போயிடாத. வாத்தியாரே, அந்தப் பெட்டியை எடுத்துட்டு வாங்க. எனக்கு ஆடிக் காட்டுங்க."

"எந்தப் பெட்டி?" என்றார் அந்துவன்.

"தலைமாட்டுப் பெட்டி."

அந்துவனுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"ரெண்டு ஆட்டமும் காட்டுங்க" என்றார் அம்மை. "இறங்காதது ஒண்ணு. இறங்கினது ஒண்ணு."

முற்றத்தில் பலகை போட்டு மணலைக் கொட்டினார்கள். தெற்கு மூலையில் குன்று எழுந்தது. சாத்தப்பன் மடைப்பள்ளியிலிருந்து தாம்பாளம் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினான். கூடைக்கு அவன் வெங்காயக் கூடையையே கவிழ்த்துக் கொடுத்தான். அந்துவன் வைக்கோலை விலக்கி ஒவ்வொரு பொம்மையாக எடுத்துத் துடைத்து நிறுத்தினார். தழும்பனைக் கடைசியில் எடுத்தார். குன்றின்மேல் முதுகைத் திருப்பி வைத்தார். பாட்டுப் பாட அங்கே யாரும் இல்லை, இருந்தும் அவர் தோள் குறுகிக்கொண்டது.

அம்மை வந்தார். மேடைக்கு எதிரே அவருக்காக ஒரு மணை போட்டிருந்தது. அதில் உட்காரவில்லை. மேடைக்குக் கீழே போய் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அங்கேருந்து ஒண்ணும் தெரியாது தாயே. மேல வாங்க. இங்க நின்னாத்தான் களம் முழுக்கத் தெரியும்."

"நீங்க ஆடுங்க. எனக்கு இங்கேருந்து நல்லாத் தெரியுது."

அம்மைக்கு வியூகம் விளங்காது என்று அந்துவன் நினைத்தார். அதனால் ஒவ்வொரு நகர்த்தலையும் உரக்க விளக்கிக்கொண்டே ஆடினார். இது ஏன் இங்கே, அது ஏன் அங்கே, பெரியவர் குதிரைப்படையை ஏன் ஏரியோரம் வைத்தார் என்று பாடம் நடத்தினார். நாற்பது வருஷ வாத்தியாருக்கு வாயை மூடிக்கொண்டு ஆட வருமா? பெரியவர் பக்கம் ஆடிய சாத்தப்பன் அவ்வளவும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கட்டையில் நல்ல எண் விழுந்தபோதெல்லாம் "செத்தான்!" என்று கத்திச் சிவப்புத் தலைப்பாகையைத் தூக்கிக் கூடைப் பக்கம் எறிந்தான்.

அம்மை ஒவ்வொன்றையும் கையில் ஏந்தினார்.

"வாத்தியாரே, இவனுக்கு ஏன் ஒரு பக்கம்தான் மீசை?"

"வரையும்போது மை தீர்ந்துபோச்சு தாயே. இங்க பாருங்க, நடுப்படை வளையுது."

"இது யாரு?"

"காலாள்."

"பேரு?"

"காலாளுக்குப் பேரு ஏது தாயே?" என்றார் அந்துவன், கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல்.

அடுப்பில் உலை கொதிப்பதற்குள் முதல் ஆட்டம் முடிந்துவிட்டது. சின்னவரின் நடுப்படை உடைந்தது. சிவப்புத் தலைப்பாகைகள் வடக்கு வழியாக ஓட ஆரம்பித்தன.

"துரத்துறேன்!" என்று சாத்தப்பன் குதிரைகளை அள்ளினான்.

"முடியாது. வை கீழ." அந்துவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வடக்கே திரும்பினா உன் முதுகு குன்றுக்குத் தெரியும். அடிபடாத ஒரு படை தலைக்கு மேல நிக்கும்போது எவனாவது முதுகைக் காட்டுவானா? அது இறங்காதுன்னு நமக்குத் தெரியும். பெரியவருக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கும் அவர் துரத்தல. நின்ன இடத்துலேயே வெற்றிச் சங்கு ஊதிட்டார். ஓடினவங்க ஓடினதுதான். ஆட்டம் முடிஞ்சுது."

"சப்புன்னு இருக்கே" என்றான் சாத்தப்பன்.

"சப்புன்னுதான் இருக்கும். அதனாலதான் ஊரே எங்க வீட்டைத் திட்டுது."

அம்மை எழுந்தார். "சாத்தப்பா, ஒரு இலை கொண்டா."

பந்திக்கு நறுக்கி வைத்திருந்த வாழை இலையில் ஒன்றை அவன் கொண்டுவந்தான். அம்மை அதை முற்றத்து ஓரமாக விரித்தார். கூடையில் கிடந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் நிற்க வைத்தார். சிவப்பும் வெள்ளையும் கலந்து நின்றன. எல்லாம் நின்ற பிறகும் இலையின் நுனிப்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. அம்மை அதைப் பார்த்தார், பிறகு பொம்மைகளை அள்ளி அந்துவனிடம் கொடுத்தார்.

"அடுத்த ஆட்டம்."

என்ன செய்கிறார் என்று அந்துவனுக்குப் புரியவில்லை. கேட்க வாயெடுத்தவர், ஆட்ட ஆசையில் விட்டுவிட்டார். இரண்டாவது ஆட்டம்தான் அவருக்கு உயிர். பொம்மைகளை மறுபடி அடுக்கினார். இந்த முறை தழும்பனை முன்பக்கம் பார்த்து நிறுத்தினார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தேர் கிளம்பும்போது முதல் வடத்தைப் பிடித்தவன் முகம்.

"இப்ப பாரு சாத்தப்பா."

சின்னவரின் நடுப்படை வளையும் நேரத்தில் குன்றுப்படை இறங்கியது. வெள்ளைத் தலைப்பாகைகளின் விலாவில் போய் மோதியது. சாத்தப்பன் "ஐயோ" என்றான். பின்வாங்கலாம் என்று பார்த்தான். வடக்கே சின்னவர். தெற்கே தழும்பன். பின்னால் தாம்பாளம்.

"எங்க போறது?"

"எங்கயும் போக முடியாது. அதுதான் அழகு" என்றார் அந்துவன்.

போக வழி இல்லாதவன் சும்மா நிற்பானா? சாத்தப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டையை உருட்டினான். ஒரு வெள்ளைக்கு ஒரு சிவப்பு என்று விழுந்தது. அவனுடைய யானைக்கு மதம் பிடித்து, கட்டை சொன்ன திசையில் ஓடி, தன் ஆட்களையே மிதித்துக்கொண்டு போனது. குதிரைகள் தண்ணீருக்குள் தள்ளப்பட்டன. பின்னாலேயே காலாட்கள் விழுந்தார்கள். தாம்பாளத்தில் சாயம் கரைந்து, எடுத்த பொம்மைக்கு எந்தத் தலைப்பாகை என்று அடையாளம் தெரியாமல் போனது. இருவரும் மாற்றி மாற்றிக் கூடைப் பக்கம் எறிந்தார்கள். "செத்தான்" என்று சொல்வதைச் சாத்தப்பன் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். சொல்லி மாளவில்லை.

சோறு அடிபிடித்த வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் பெரியவரின் பொம்மையும் விழுந்தது. அந்துவன் நிமிர்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பார்த்தீங்களா தாயே? ஜெயிச்சாச்சு. எப்பவும் இப்படித்தான். ஒரே ஒரு தடவை இறங்கியிருந்தா…"

அந்துவன் திரும்பிப் பார்த்தார்.

வெங்காயக் கூடை நிரம்பி வழிந்து, அதைச் சுற்றிப் பொம்மைகள் தரையில் சிதறிக் கிடந்தன. அம்மை அவற்றை இலையில் நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த இலை ஏற்கெனவே நிறைந்திருந்தது.

"சாத்தப்பா, இன்னொரு இலை."

கொண்டுவந்தான். அது நிறைந்தது.

"இன்னொரு இலை."

அதுவும் நிறைந்தது.

"தாயே, சாப்பாட்டுக்கு வெச்சிருந்த இலை…"

"கொண்டா."

சாத்தப்பன் இலைக்கட்டு முழுவதையும் கொண்டுவந்து வைத்துவிட்டான். அம்மை ஒவ்வொரு இலையாக விரித்து, ஒவ்வொரு பொம்மையாக நிறுத்திக்கொண்டே போனார். ஈரமாக இருந்ததைப் புடவைத் தலைப்பால் ஒற்றி நிறுத்தினார். ஒற்றை மீசைக்காரனும் அதில் இருந்தான். பந்தி முற்றத்தின் ஓரமாக ஓடி, மூலையில் திரும்பி, மடைப்பள்ளி வாசல் வரைக்கும் போயிற்று. கடைசி இலையும் தீர்ந்தபோது அம்மையின் மடியில் இன்னும் பொம்மைகள் இருந்தன.

மேடையில் தழும்பனும் சின்னவரும் நின்றார்கள். அவர்களைச் சுற்றி எண்ணிவிடக்கூடிய சில சிவப்புத் தலைப்பாகைகள். மற்றபடி மணல்தான்.

அந்துவன் பந்தியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவர் கூடையைத் தூக்கி அப்படியே பெட்டியில் கவிழ்த்திருக்கிறார். அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள். ஒரு நாளும் அவர்களை நிறுத்திப் பார்த்ததில்லை. நகர்த்தலை மனப்பாடமாகச் சொல்வார். கட்டையில் விழுந்த எண்ணைச் சொல்வார். கூடையில் எவ்வளவு என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். முதல் ஆட்டத்தில் ஓர் இலையிலேயே இடம் மிஞ்சியது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"தாயே! கிடைச்சிடுச்சு!"

"என்ன கிடைச்சுது?"

"எங்க தாத்தா மேலேருந்து இதைப் பார்த்திருக்கார். இறங்கினா இவ்வளவு பேர் சாவாங்கன்னு தெரிஞ்சிருக்கு. அதனாலதான் நின்னார். அவர் கோழை இல்ல, மகான்! சபையில இதையே சொல்றேன். இலை போட்டுக் காட்டறேன்."

"இலையைக் காட்டுங்க, தப்பில்ல. அது கண்ணால பார்த்தது." அம்மை மடியில் இருந்த ஒரு பொம்மையின் ஈரத்தைத் துடைத்தார். "இதனாலதான் நின்னேன்னு உங்க தாத்தா சொன்னாரா?"

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. கடைசி வரைக்கும் வாயே திறக்கலையாம்."

"அப்ப எப்படித் தெரியும்?"

அந்துவன் யோசித்தார். வாத்தியார் இல்லையா, சான்று இல்லாத பதிலுக்கு அவரே பிள்ளைகளை முட்டி போட வைத்திருப்பார்.

"பயந்துகூட நின்னிருக்கலாம்" என்றார் மெதுவாக.

"இருக்கலாம்."

"யாரு பக்கம் ஜெயிக்குதுன்னு பார்த்துட்டு இறங்கலாம்னு நின்னிருக்கலாம்."

"அதுவும் இருக்கலாம்."

"பாட்டுல வர்ற மாதிரி கூழு குடிச்சுக்கிட்டு…" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது.

"பசிச்சிருக்கும்" என்றார் அம்மை.

சாத்தப்பன் அடிபிடித்த சோற்றுப் பானையை இறக்கப் போனான். அந்துவன் மேடையிலிருந்து தழும்பனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தார். அந்தப் பொம்மையின் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை, வைக்கும்போதெல்லாம் முதுகுதான் அவர் பக்கம் இருக்கும். யாரோ வரைந்த இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு கோட்டு வாய். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப அரசர் கேட்டா நான் என்ன தாயே சொல்றது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"இறங்கியிருந்தா ஜெயிச்சிருப்பார். அது தெரியும்."

"அதைச் சொல்லுங்க."

"ஏன் இறங்கலைன்னு தெரியாது."

"அதையும் சொல்லுங்க."

"சொன்னா பொம்மை முதுகைக் காட்டிக்கிட்டேதான் நிக்கும்."

"ம்."

"எனக்கப்புறம் செம்பிதான் வைக்கணும்."

"ம்."

"சிரிப்பாங்க தாயே. ஜெயிச்சவன் பேரனும் சிரிப்பான், தோத்தவன் பேரனும் சிரிப்பான். பிள்ளைங்க அந்தப் பாட்டைப் பாடும். பெரியவங்க தாளம் போடுவாங்க."

அம்மை பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு உயிரோட வீடு திரும்பினவங்க பேரப்பிள்ளைங்க, நிறையப் பேரா?"

"நிறையன்னா? கூடம் கொள்ளாது. ஜன்னல்லயெல்லாம் தொத்திக்கிட்டு இருப்பாங்க."

"செம்பியை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்க, வாத்தியாரே" என்றார் அம்மை. "சிரிக்கிறதுக்கு இத்தனை பேர் இருக்காங்களே."